தேடல் முடிவில் எங்கள் பூண்டுக்குக் கிடைத்த இரண்டு வரி

பூம்பாறையில் எங்கள் குடும்பம் விளைவிக்கும் மலைப்பூண்டையும், பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆறு பேர் தரும் பூண்டையும் சேர்த்து, கிலோ கணக்கில் கட்டி அஞ்சலில் அனுப்பும் வேலையை நான் பார்த்து வருகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வெளியூர்க்காரர்கள் நேரடியாக எங்களிடமே வாங்கட்டும் என்று ஒரு சிறிய இணையதளம் தொடங்கினோம். அந்தத் தளத்தைப் பற்றித் தேடுபொறி காட்டிய இரண்டு வரி விளக்கத்தைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடித்தது. சொந்தத் தளம் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் மதுரையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, இன்னுமா நீங்க தபால்ல அனுப்ப ஆரம்பிக்கல? ஊரடங்குன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரடங்கில் நின்ற அஞ்சல் வேலையை 2020 செப்டம்பரிலேயே மீண்டும் தொடங்கிவிட்டோம். முகப்பில் இருந்த அறிவிப்பையும் நானே என் கையால் நீக்கியிருந்தேன். கடையின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது எதுவும் அங்கே இல்லை. மறுபடி அவரையே அழைத்து, என்ன எழுதித் தேடினீர்கள் என்று கேட்டேன். "மலைப்பூண்டு தபாலில் வாங்க" என்று எழுதியதாகச் சொன்னார். அதே சொற்களை நானும் எழுதித் தேடினேன். எங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே, "ஊரடங்கு காரணமாக மலைப்பூண்டு தபாலில் அனுப்புவது நிறுத்தப்பட்டுள்ளது. இப்போது வாங்க இயலாது" என்று இரண்டு வரிகள் நின்றன. தேடியவர் எழுதிய சொற்கள் அந்த வரிகளுக்குள் தடித்த எழுத்தில் தெரிந்தன. இரண்டரை ஆண்டுகளாக இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது மனம் மிகவும் கலங்கியது. பூண்டைத் தந்த அந்த ஆறு குடும்பங்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவள்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் முதலில் கேட்டேன். அந்த விளக்கத்தைத் தேடுபொறியில் மாற்றித் தருவதற்கு 8,000 ரூபாய் ஆகும் என்றார். பணத்தை அனுப்புவதற்கு முன்பு, திண்டுக்கல்லில் கணினி வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாயிற்று. "அக்கா, அந்த வரியை வெளியில இருந்து யாரும் போய் மாத்த முடியாது. அது நம்ம பக்கத்துல இருந்துதான் எடுத்திருக்கும். எங்க இருக்குன்னு தேடுங்க" என்றான்.

அவன் சொன்னதுதான் இதன் அடிப்படை. கூகுள் போன்ற தேடுபொறிகள் தளங்களுக்கு விளக்கம் எழுத ஆள் வைத்திருப்பதில்லை. பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்திலிருந்து, தேடியவரின் கேள்விக்குப் பொருந்தும் பகுதியை இயந்திரமே வெட்டி எடுத்துக் காட்டுகிறது. பக்கத்தின் தலைப்பகுதி நிரலில் கண்ணுக்குத் தெரியாமல் 'மெட்டா டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு குறிப்பு வைக்கலாம். பக்கத்தில் உள்ள எந்த வாக்கியத்தையும்விட அந்தக் குறிப்பு பக்கத்தை நன்றாக விளக்குகிறது என்று இயந்திரத்துக்குப் பட்டால், அதை எடுத்துக்கொள்ளும். படாவிட்டால் விட்டுவிடும். ஆகவே ஒரே பக்கத்துக்கு ஒருவர் தேடும்போது ஒரு விளக்கமும், வேறு சொற்களில் இன்னொருவர் தேடும்போது மற்றொரு விளக்கமும் வரும். கடையின் பெயரைப் போட்டுத் தேடிய என் கண்ணில் அந்த வரி படாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இதை அறிந்த பிறகும் ஒரு முழு நாளை வீணாக்கினேன். இணையத்தில் கிடைத்த பழைய ஆலோசனை ஒன்று, 'நோஓடிபி' என்ற குறியைப் பக்கத்தில் சேர்த்தால் தவறான விளக்கம் போய்விடும் என்றது. அதைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன், எதுவும் மாறவில்லை. பிறகுதான் அதன் வரலாறு புரிந்தது. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற திறந்த அடைவில், அதாவது இணையதளங்களின் பட்டியலில், தன்னார்வலர்கள் தளங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி விளக்கம் எழுதி வைத்தார்கள். தேடுபொறிகள் அந்த வரிகளைப் பல தளங்களுக்கு எடுத்துக் காட்டின. யாரோ எப்போதோ எழுதிய வரி தங்கள் தளத்துக்கு வேண்டாம் என்று எண்ணிய உரிமையாளர்களுக்காக 2006இல் வந்ததுதான் அந்தக் குறி. டிமோஸ் 2017 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. அதே ஆண்டில் கூகுளும் அதிலிருந்து விளக்கம் எடுப்பதை நிறுத்தியது. யாஹூவின் அடைவு அதற்கு முன்பே, 2014 முடிவில், மூடப்பட்டிருந்தது. ஆக, இல்லாத வீட்டின் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நான் காத்திருந்தேன். இத்தகைய பழைய ஆலோசனைகள் இன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உலவுகின்றன; எந்த ஆண்டில் எழுதியது என்று பார்க்காமல் அவற்றைப் பின்பற்றக் கூடாது.

அதன் பின் தம்பி சொன்னபடி, பூண்டுப் பக்கத்தைக் கணினியில் திறந்து, அதன் மூல நிரலை எடுத்து வைத்துக்கொண்டு, 'ஊரடங்கு' என்ற சொல்லைத் தேடினேன். ஒரே இடத்தில் அகப்பட்டது. பக்கத்தின் அடியில் 'அனுப்பும் முறை' என்று ஒரு மடிப்புப் பெட்டி உண்டு. தொட்டால்தான் விரியும்; தொடாவிட்டால் தலைப்பு மட்டும் தெரியும். 2020 மார்ச் மாதக் கடைசியில் முகப்பில் இட்ட அறிவிப்பையே அந்தப் பெட்டிக்குள்ளும் நான் ஒட்டியிருக்கிறேன். முகப்பில் நீக்கும்போது இது நினைவில் இல்லை. மனிதர்கள் யாரும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை போலும். இயந்திரத்துக்கோ மடிப்பு ஒரு தடையே அல்ல; நிரலில் எழுத்தாக இருப்பதால் படித்துவிடும்.

ஆனாலும் முழுப் பக்கத்தையும் விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? பக்கத்தை அச்செடுத்து, அடுப்படியில் உட்கார்ந்து, அதில் எழுத்தாக இருப்பது எது, படமாக இருப்பது எது என்று பேனாவால் குறித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. விலைப்பட்டியல் படம். எத்தனை நாளில் வந்து சேரும் என்பதும் அந்தப் படத்துக்குள்தான் இருந்தது. பூண்டின் பெருமையைச் சொல்லும் வரிகள்கூட ஒரு வண்ண அட்டைக்குள் இருந்தன. எழுத்தாக மிஞ்சியவை கடையின் பெயர், தொலைபேசி எண், அந்த மடிப்புப் பெட்டி ஆகியவை மட்டுமே. 'மலைப்பூண்டு', 'தபாலில்', 'வாங்க' என்ற மூன்று சொற்களும் ஒருசேர இருந்த இடம், அந்தப் பக்கம் முழுவதிலும், அனுப்ப மாட்டோம் என்று சொன்ன அந்த இரண்டு வரி மட்டும்தான். நான் வேறெதையும் எழுதி வைக்காதபோது இயந்திரம் எதைத்தான் எடுக்கும்!

மெட்டா டிஸ்கிரிப்ஷனும் எங்கள் தளத்தில் இருக்கத்தான் செய்தது. "மலைப்பூண்டு, பூண்டு விலை, கொடைக்கானல் பூண்டு, பூண்டு வாங்க" என்று சொற்களைக் கோத்த ஒரு சரம், பதினொரு பக்கங்களிலும் அச்சு அசலாக ஒன்றுபோலவே வைக்கப்பட்டிருந்தது. வாக்கியமாக இல்லாத இத்தகைய சொற்கோவை வாசிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை என்பதால், அதைக் காட்டும் வாய்ப்பு குறைவு என்று கூகுளின் வழிகாட்டுக் குறிப்பே சொல்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்ட, உண்மையான வாக்கியங்களே வேண்டும்.

அறிவிப்பை நீக்கினேன். விலையையும், அனுப்பும் நாளையும், வந்து சேரும் காலத்தையும் படத்திலிருந்து எழுத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இங்கே தமிழில் எழுதுவோருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 160 எழுத்துக்குள் எழுத வேண்டும் என்று, விளக்கத்தை எழுதிச் சேர்க்கத் தளத்தில் இருந்த செருகுநிரல் என்ற துணை மென்பொருள் சிவப்பில் எச்சரித்துக்கொண்டே இருந்தது; ஆனால் அது எண்ணும் கணக்கு நம் கணக்கு அல்ல. 'மலைப்பூண்டு' என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்குக் கொம்பும் புள்ளியும் சுழியும் தனித்தனி என்பதால் பதினொன்று. உண்மையில் தேடல் முடிவில் வரியை வெட்டுவது எழுத்து எண்ணிக்கை அல்ல, திரையின் அகலம். கூகுள் அந்த விளக்கத்தின் நீளத்தை 2017 டிசம்பரில் ஏறக்குறைய இரு மடங்காக்கி, 2018 மே மாதத்தில் மீண்டும் சுருக்கியது; நாளை மறுபடியும் மாற்றக்கூடும். ஆகவே சிவப்பு எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், முதன்மையான செய்தியை முதல் வாக்கியத்திலேயே வைத்தேன்: "பூம்பாறையில் விளைந்த மலைப்பூண்டை வாரம் இருமுறை தபாலில் அனுப்புகிறோம்." எந்த இடத்தில் வெட்டினாலும் இது தப்பிவிடும்.

அடுத்து, தளம் எங்களுடையதுதான் என்று, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் நிறுவினேன். அவர்கள் தரும் ஒரு சிறு கோப்பைத் தளத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் கிடையாது. அங்கே பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், தேடுபொறி கடைசியாக என்றைக்கு வந்து படித்தது, அப்போது எதைப் படித்தது என்ற இரண்டையும் காணலாம். நான் திருத்துவதற்கு முந்தைய படி அங்கே அப்படியே இருந்தது. மறுபடி வந்து படிக்கும்படி விண்ணப்பம் அனுப்பினேன். சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தாலும் வேகம் கூடாது.

காத்திருந்த நாள்களில் இரண்டு தவறுகளின் விளிம்பு வரை போனேன். அதே கன்சோலில் பக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து தற்காலிகமாக நீக்கும் வசதி ஒன்று உண்டு. தற்காலிகம் என்பது அங்கே ஏறக்குறைய ஆறு மாதம். அழுத்தியிருந்தால் ஒரு அறுவடையின் விற்பனை போயிருக்கும். பழைய வரி தெரியாமலிருக்க, எந்தப் பக்கத்தைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடு என்று இன்னொருவர் சொன்னார். தடுத்தால் திருத்திய புதிய பக்கத்தையும் தேடுபொறியால் படிக்க முடியாது. விளக்கம் எதுவும் இல்லை என்ற வரிதான் வரும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பெரியவர் எழுதிய அதே சொற்களைப் போட்டுத் தேடினேன். நான் எழுதிய வாக்கியம் வந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டு இரண்டு முறை படித்தார். மதுரைப் பெரியவருக்கு அன்றே அரைக் கிலோ பூண்டை அன்பளிப்பாக அனுப்பி வைத்தோம்.

மற்ற பக்கங்கள் மாற மேலும் மூன்று வாரம் ஆனது. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது தோன்றும் விளக்கம் வேறொரு குறிப்பிலிருந்து, 'ஓப்பன் கிராஃப்' என்ற குறியிலிருந்து, எடுக்கப்படுகிறது. அதைத் தனியாக மாற்ற வேண்டும். வரைபடத்தோடு வரும் கடை விவரமும் தனி.

2024 மே 7ஆம் தேதி முதல் கொடைக்கானலுக்கு வருவோர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவால் ஏற்பட்டபோது, நேரில் வாங்க வருபவர்களுக்காக மீண்டும் ஒரு அறிவிப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. இம்முறை அதைச் சுற்றி 'டேட்டா-நோஸ்னிப்பெட்' என்ற குறியை இட்டேன். அந்தக் குறிக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் விளக்கமாக எடுத்துக் காட்டாது. பக்கத்துக்கு வருபவர் மட்டும் படிப்பார். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. அறிவிப்பை நீக்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி, பூண்டு நிறுக்கும் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

படத்திலிருந்து எழுத்துக்கு மாற்றிய அந்த நாளில், பூண்டைச் சேமிக்கும் விதத்தை அம்மாவிடம் கேட்டு அவர் சொன்னபடியே பக்கத்தில் எழுதியிருந்தேன். சென்ற மாதம், மலைப்பூண்டு கெடாமல் வைப்பது எப்படி என்று தேடிப் பார்த்தேன். நான் பாடுபட்டு எழுதிய மெட்டா டிஸ்கிரிப்ஷன் அங்கே இல்லை. "தண்டோடு கட்டி, அடுப்புப் புகை படுகிற பரணில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்" என்ற அம்மாவின் வாக்கியம்தான் எங்கள் பெயருக்குக் கீழே நின்றது.