மூன்றரை மணிக்குப் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோரின் கைபேசிக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் பேன் தொல்லை, தொலைந்த ஜம்பர், பெற்றோர் சந்திப்பு பற்றியவை. திடீரென்று ஒருநாள், "நாளை காலை வாசலில் கத்தி கண்டறியும் வளைவு வைக்கப்படும், பதற்றப்பட வேண்டாம்" என்று வரும். இலண்டனில் இது இப்போது புதினமில்லை. ஆனால் இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு வளைவென்றால் கோயில் திருவிழா, சோதனையென்றால் போர்க்காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடி. பையைத் திற, கையைத் தூக்கு, அடையாள அட்டையைக் காட்டு. அதெல்லாம் முடிந்ததென்று நினைத்த தாய் தகப்பன்மார் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த வளைவுக்குள்ளால் அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

வீடு வாங்கியாச்சு, பாஸ்போட் எடுத்தாச்சு, இனி இதுதான் எங்கட ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம். இரவுச் செய்தியில் கத்திக்குத்து என்று வந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "எங்கட பெடியனோ?" இல்லையென்றால் ஒரு பெருமூச்சு, அதோடு தேத்தண்ணி.

ஆர் பிழை என்பதற்குச் சாமத்திய வீட்டு மண்டபத்தில் தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். கையில் ரோல்ஸ் இருக்கும்போதே சொல்லுவார்கள்: "இஞ்சை பிள்ளையளுக்கு அடிக்க ஏலாது, அதுதான்." சட்டம் அப்படியில்லை. ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும்தான் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தன. இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற பழைய விலக்கு இன்னும் இருக்கிறது. அதைவிட, பூவரசங்கம்பு தாராளமாய் முறிந்த யாழ்ப்பாணத்தில்தானே ஆவா என்ற வன்முறைக் குழுவும் வாள்வெட்டும் வந்தன? அடி வாங்கி வளர்ந்த பிள்ளை நன்றாகப் படித்துக்கொள்ளும் ஒரே பாடம், வெளியில் என்ன நடந்தாலும் வீட்டில் சொல்லக்கூடாது என்பது.

அரசாங்கத்துக்குக் கையில் அகப்பட்டது கத்திகளின் பட்டியல். 2024 செப்ரெம்பர் 24இலிருந்து பயமுறுத்தும் தோற்றமுள்ள 'சொம்பி' வகைக் கத்திகளுக்கும் அதே பாணி வெட்டுக்கத்திகளுக்கும் தடை, 2025 ஓகஸ்ட் 1இலிருந்து நின்ஜா வாளுக்குத் தடை. நல்லதுதான். ஆனால் கூரிய ஆயுதக் கொலைகளில் எந்த வகையென்று தெரிந்தவற்றில் முன்னுக்கு நிற்பது குசினிக் கத்தி. அதற்கு இணையத்தில் தேட வேண்டியதில்லை, இழுப்பறையைத் திறந்தால் போதும். 2005இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலை வைத்தியர்கள் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இதை எழுதினார்கள். பத்துச் சமையற்காரரைக் கேட்டதில், நீளக் கத்திக்குக் கூர் நுனி அவசியமில்லை என்று தெரிந்தது. எங்கள் குசினிக்கும் அது சரியாகவே பொருந்தும்: ஆட்டிறைச்சி வெட்டப் பாரமான அலகு வேண்டும், மீன் வயிறு கீறக் குட்டிக்கத்தி காணும். இருபது வருடமாகியும் கடையில் அதே நுனி. வீட்டிலாவது வட்ட நுனிக் கத்திக்கு மாறலாம், எத்தனை கத்தி இருக்கிறதென்று எண்ணியும் வைக்கலாம்.

ஊரில் பெடியளின் காற்சட்டைப் பையில் வில்லுக்கத்தி இருக்கும். பட்டத்துக்கு மூங்கில் சீவவும், மாங்காய் கீறி உப்பும் தூளும் தொட்டுத் தின்னவும். கேட்பாரில்லை. இங்கே மடிக்கக்கூடிய, விரித்தால் பூட்டிக்கொள்ளாத, மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத அலகு மட்டும்தான் காரணமில்லாமல் கொண்டுபோகலாம். மற்றவற்றுக்கு நான்கு வருடம் வரை சிறை. "என்ரை பாதுகாப்புக்கு" என்பதைச் சட்டம் காரணமாக எடுக்காது. பிள்ளைகள் சொல்வதோ பெரும்பாலும் அதைத்தான். கடை வைத்திருக்கும் எங்கட ஆக்களுக்கும் இதில் பங்குண்டு: பதினெட்டுக்குக் கீழே கத்தி விற்றால் குற்றம். கவுன்ரரில் நிற்கும் பகுதிநேர மாணவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, மறுத்த விற்பனைகளை ஒரு புத்தகத்தில் எழுதிவைக்காவிட்டால், சோதனைக்கு வந்தவர்களிடம் காட்ட முதலாளியிடம் ஒன்றும் இருக்காது.

பையில் கத்தி அகப்பட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? கன்னத்தில் ஓர் அறை, ஓர் அழுகை. பிறகு தகப்பன் கத்தியைக் காரின் டிக்கியில் போட்டுவிடுகிறார், எங்கேயாவது எறியலாமென்று. வீதியில் நிற்கும் கார் பொது இடம். இப்போது குற்றவாளி அவர்தான். செய்ய வேண்டியது வேறு. தடித்த மட்டையை இரண்டாய் மடித்து அலகைச் சுற்றி, நுனியில் இன்னொரு துண்டு வைத்து, பொதி ஒட்டும் ரேப்பால் இறுக்கி, பைக்குள் போட்டு, கத்தி ஒப்படைக்கும் தொட்டிக்கு நேரே கொண்டுபோக வேண்டும். இடையில் கடைக்கு ஏறக்கூடாது. தொட்டி பக்கத்தில் இல்லையென்றால் அவசரமில்லாத விடயங்களுக்கான பொலிஸ் இலக்கம் 101க்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் பொலிஸ் நிலையம்.

அதற்குப் பிறகுதான் கதைக்க வேண்டும். ஆரிட்டை வாங்கினாய் என்று தொடங்கினால் பிள்ளை வாய் திறக்காது, ஆருக்குப் பயப்பிடுறாய் என்று கேட்டால் சிலவேளை திறக்கும். இரண்டாவது கைபேசி, வாங்கிக்கொடுக்காத சப்பாத்து, தூர நகரத்து ரயில் ரிக்கற் என்று கண்டால், போதைப்பொருள் கடத்த ஆரோ பிள்ளையைப் பாவிக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்வது நல்லது.

கைதானால் பதினெட்டு வயதுக்குட்பட்டவரை, பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக்கூடாது. பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி இலவசம். எங்கட ஆக்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: "லோயரைக் கூப்பிட்டால் குற்றம் செய்தவன் மாதிரியெல்லோ, உண்மையைச் சொன்னால் விட்டிடுவாங்கள்." லோயர் இல்லாமல் பெடியன், தானும் கூட நின்றதாகச் சொல்லுவான். குத்தியவனை ஊக்குவித்தான், அல்லது உதவினான் என்று ஆகிவிட்டால் கூட நின்றவனுக்கும் கொலைக் குற்றச்சாட்டு வரலாம். பிறகு ஊருக்குத் தெரியாமல் வீடு மாறுவார்கள், அல்லது பெடியனைக் கனடாவில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். கைபேசியும் கூடவே போகும்.

வைட்சப்பலில் இருக்கும் றோயல் இலண்டன் வைத்தியசாலையின் பத்து வருடப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வந்த கட்டுரை ஒன்று, பதினாறுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கத்திக்குத்துக்கு ஆளாகும் உச்ச நேரம் பள்ளிக்கூட நாட்களில் பின்னேரம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் என்று காட்டியது. மணி அடித்துவிட்டது, வீட்டில் ஒருவரும் இல்லை. 2010க்கும் 2019க்கும் இடையில் இலண்டனின் இளைஞர் நிலையங்களில் ஏறக்குறைய 30% மூடப்பட்டன. அப்படி நிலையத்தை இழந்த பகுதிகளில் 10 முதல் 17 வயது வரையானவர்கள் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14% கூடியதாக, நிதிக் கற்கைகளுக்கான நிறுவனம் 2024இல் கணக்கிட்டது. சாவியைத் திருப்பியவர்கள் கையெழுத்திட்ட வரவுசெலவுத் திட்டங்கள் இருக்கின்றன. பொறுப்பாளிகளைத் தேடுவோர் அங்கேயும் பார்க்கலாம்.

ஆனால் எங்கட சாவிகள்? கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளி, பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் என்று இந்த நகரத்தில் எங்களுக்கு இல்லாத கட்டடமில்லை. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிறு மிருதங்கம், கோடையில் ஒருநாள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. ஊரில் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசு சேர்த்து அனுப்புகிறோம், அந்த வேப்பமரத்தடியை நினைத்தால் அனுப்பாமல் இருக்கவும் முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை மூன்றரைக்கும் ஆறரைக்கும் இடையில் அத்தனை மண்டபமும் பூட்டு. கேட்டால், "கம்பளம் ஊத்தையாகும், தம்பி."

திறப்பதற்குத் தேவையானவை அதிகமில்லை. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்களுக்கு டி.பி.எஸ். என்ற குற்றப் பதிவுச் சரிபார்ப்பு (தொண்டர்களுக்குக் கட்டணமில்லை), பொதுப் பொறுப்புக் காப்புறுதி, எழுதிவைத்த பிள்ளைப் பாதுகாப்பு விதி, ரோஸ்ற் போட ஒரு இயந்திரம். வீட்டுப்பாடம் பற்றி ஒருவரும் கேட்கக்கூடாது, கேட்டால் அது ரியூசன் ஆகிவிடும், பிள்ளைகள் மறுகிழமை வரமாட்டார்கள். குழுக்கள் அஞ்சற் குறியீட்டின்படி எல்லை பிரித்துக்கொள்வதால், பக்கத்துக் குறியீட்டுப் பெடியளுக்கு மண்டபத்தடிப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கவே பயமாயிருக்கும். அதனால் மூன்றரைக்கும் ஆறரைக்கும் ஒரு பெரியவர் நிறுத்தத்தில் நிற்க வேண்டும், மழையென்றாலும்.