ஏசி செத்தா ஸ்டீயரிங் ஏன் முறுக்கிக்கிடுது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி ரோட்டில் பழைய கார்களும் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். சீதபற்பநல்லூர் தாண்டும்போது ஏதாவது ஒரு காரின் பானெட்டுக்குள் வீல் என்று ஒரு கத்தல், ரப்பர் கருகும் நாற்றம், பிறகு 'டப்'. அடுத்த வளைவில் ஸ்டீயரிங் அம்மிக்குழவியாகிவிடும். பின்சீட்டிலிருந்து மைத்துனர் கேட்பார்: "அத்தான், ஏசிக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கிறது. 1990களில் வந்த பல கார்களில் ஏசி கம்ப்ரசரையும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் இன்ஜின் சுற்றுகிற கிராங்க் புல்லியிலிருந்து ஒரே பெல்ட்தான் சுற்றும். கம்ப்ரசர் புல்லியின் பேரிங் ஜாம் ஆனால் பெல்ட் வழுக்கி, சூடாகி, அறுந்துவிடும். தண்ணீர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் தனி பெல்ட்டில் இருந்தால் கையை முறுக்கிக்கொண்டு ஆலங்குளம் வரை ஓட்டிவிடலாம். அவையும் அதே பெல்ட்டில் இருந்தால் ஓட்டவே கூடாது, இன்ஜின் கொதித்துவிடும்.

ஒர்க் ஷாப்பில் முதலில் கம்ப்ரசர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது, கெட்டது உள்பாகம். ஏசியை அணைத்தாலே புல்லியையும் கம்ப்ரசரையும் இணைக்கும் கிளட்ச் விட்டுவிடும், புல்லி சும்மா சுற்றும். பெல்ட்டைப் பழைய வழியிலேயே போடலாம். கரகரத்தாலோ அசையாவிட்டாலோதான் கம்ப்ரசரை விட்டுவிட்டு, கிராங்க்கையும் பம்ப்பையும் மட்டும் சுற்றும் குட்டை பெல்ட்டுக்கு வழி மாற்ற வேண்டும்.

இதற்குள் சுற்றி நாலு பேர் கூடியிருப்பார்கள். "பழைய பெல்ட்டு நீளம் என்ன வே? அதுல பாதிய வாங்கிட்டு வாரும்!" பாதியுமில்லை, முக்காலுமில்லை. பம்ப்பை அதன் ஸ்லாட்டில் (பம்ப்பை நகர்த்தி பெல்ட்டை இறுக்குவதற்கான நீளத் துளை) தளர்ந்த பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்தி, கிராங்க் புல்லியையும் பம்ப் புல்லியையும் சுற்றி இழுபடாத நூலைக் கட்டி அளக்க வேண்டும். நூல் 872 மி.மீ. காட்டினால் 4பிகே875 கேட்டு வாங்கலாம்: நாலு வரி, 875 மி.மீ. நீளம். இழுத்துக் கட்ட ஸ்லாட்டில் மீதி இருக்கிறது. வரியில்லாத, வி வடிவப் பள்ளத்தில் ஓடும் வி-பெல்ட் என்றால் நூலைப் பள்ளத்தின் அடியில் போடக் கூடாது. அந்த பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் ஓடும், அடியைத் தொட்டால் வழுக்கும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் பெல்ட் போகும் வழியில்தான். ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றும் புல்லி) இருக்கிற வண்டியில் பெல்ட்டின் வழவழப்பான முதுகு பம்ப்பில் பட்டால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும், எண்ணெயைத் தள்ளாது. வரிப் பக்கம்தான் பம்ப்பில் உட்கார வேண்டும். கம்ப்ரசர் விலகியதும் பெல்ட் நேர்கோட்டில் வரும், பிராக்கெட்டிலோ ரேடியேட்டர் கீழ் ஹோஸிலோ உரசுகிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும், இன்ஜினை அணைத்துவிட்டு. நேரான விளிம்புள்ள தகட்டை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்தால் சாய்வு தெரிந்துவிடும்.

இழுவைக்கு, நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கினால் போதும். ரொம்ப முறுக்கினால் அடுத்துச் சாவது பம்ப் பேரிங். பத்து நிமிடம் ஓட்டியபின் திரும்பவும் இழுவை பார்க்க வேண்டும், புது பெல்ட் கொஞ்சம் இளகும்.

பிறகும் கத்தினால் கூடியிருக்கும் கூட்டம் மெழுகுவர்த்தி, சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று மளிகைக் கடை லிஸ்ட்டே போடும். ஒன்றும் தடவ வேண்டாம். ஓடும் பெல்ட்டில் தள்ளி நின்று தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் அடங்கித் திரும்பி வந்தால் புல்லி கோணல், கூடினால் இழுவை போதவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போது பம்ப்பின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், தளர்ந்த பெல்ட் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கானாலும் அப்படி ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

கடைசியாக, கம்ப்ரசருக்குப் போகும் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் யாராவது ஏசி பட்டனை அமுக்குவார்கள். கிளட்ச் 'டக்' என்னும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், குளிர் மட்டும் வராது. "கேஸ் கம்மியா இருக்கும், அண்ணாச்சி" என்று பாவூர்சத்திரத்திலேயே நிரப்பச் சொல்ல ஆள் இருக்கும்.