மேசையில் உட்கார்ந்திருந்த இன்னொருவர்

ஒரு பிரபலம் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவிக்கும்போது நாம் சொல்லும் கருத்துகள் அவர் காதுக்குப் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை. நம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரின் காதில்தான் அவை விழுகின்றன. பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில், ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு, வாரிசு நியமனம் போன்றவற்றைக் கவனிக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

2014 அக்டோபர் 30 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழில் எழுதிய கட்டுரையில், தான் தன்பாலீர்ப்பாளராக இருப்பதில் பெருமைப்படுவதாகவும், அதைக் கடவுள் தனக்கு அளித்த பெரும் கொடைகளுள் ஒன்றாகக் கருதுவதாகவும் குறிப்பிட்டிருந்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்த எங்கள் அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் தமிழர்கள் வழக்கமாகக் கூடும் நீள மேசையில் அன்றும் மறுநாளும் அதுதான் பேச்சு. "அமெரிக்காவுல இதெல்லாம் சகஜம்" என்று ஒருவர் சொன்னார். கேலிகளும் வந்தன, அவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலோர் சொன்னது, "அது அவரோட சொந்த விஷயம், அதை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்?" என்பதுதான். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பப் பெற்றிருந்ததால், அந்த நேரத்தில் நம் நாட்டில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மறுபடியும் உயிரோடு இருந்தது. ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்த பிரிவு அது. மேசையில் இருந்த யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"சொந்த விஷயம்" என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலரும் அதைப் பெருந்தன்மையாகவே நினைத்துச் சொன்னார்கள். ஆனால் என் அனுபவத்தில், நேரடியான கேலியைக் காட்டிலும் அதிகம் பேரை வாயடைக்கச் செய்தது இந்த வார்த்தைதான். காதலையும் குடும்பத்தையும் பற்றி அலுவலகத்தில் நாள் முழுக்க அறிவித்துக்கொண்டிருப்பவர்கள் நாம். மேசை மேல் மனைவியின் படம், மாமியார் வருகிறார் என்று வெள்ளிக்கிழமை மதியமே கிளம்புவது, குழந்தை பிறந்தால் தளம் முழுவதற்கும் இனிப்பு, கல்யாணம் என்றால் மேலாளர் முதல் காவலாளி வரை பத்திரிகை என்று எல்லாமே ஊரறியச் செய்யப்படுகிறது. முப்பதைத் தொட்டும் மணமாகாத ஒருவர் மடிவாளாவில் ஊருக்குப் பேருந்து ஏறக் கிளம்பினால், "பொண்ணு பார்க்கவா? எப்ப கல்யாணச் சாப்பாடு போடப்போற?" என்று கேட்காமல் அவரை அனுப்புவதில்லை. மற்றவர் வாழ்க்கையை இவ்வளவு உரிமையோடு விசாரிக்கும் நாம், ஒருவர் தானாக முன்வந்து பதில் சொன்னால் மட்டும் அது சொந்த விஷயம் என்கிறோம். டிம் குக்கும் தன் அந்தரங்கத்தைப் பெரிதாக மதிப்பவர்தான். அதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அதைவிட முக்கியமான ஒன்றைச் செய்யாமல் இருக்கிறோமே என்று உணர்ந்ததால்தான், தன்னை யாரென்று சொல்லத் தயங்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று கருதி அவர் எழுதினார்.

அதற்கு முன்பே, 2006இல், குஜராத்தின் ராஜ்பிப்லா அரச குடும்பத்தைச் சேர்ந்த மானவேந்திர சிங் கோஹில் இதே உண்மையைச் சொன்னபோது அவருடைய ஊரில் அவரது கொடும்பாவியை எரித்தார்கள். குடும்பத்தினர் அவருடன் உறவில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அரச பரம்பரையும் காப்பாற்றவில்லை என்றால் சாதாரண மனிதர்களின் பயம் எவ்வளவு இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வயது வந்தோர் மனமொத்து வாழும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், ஒடிசாவின் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்ற ஓட்டப்பந்தய வீராங்கனை தூத்தி சந்த், தன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். வீட்டிலேயே எதிர்ப்பு கிளம்பியது. சட்டம் மாறிவிட்டதால், எங்கள் மேசையிலும் பேச்சின் திசை மாறியிருந்தது. இம்முறை எல்லோருக்கும் அவருடைய குடும்பத்தின் மீது பரிதாபம். "கூடப் பிறந்ததுங்களை யாரு கட்டிப்பாங்க?" என்று ஒருவர் கேட்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டு மேல வந்து பேரைக் கெடுத்துக்கிட்டாளே" என்று இன்னொருவர் வருந்தினார். அப்போது, அந்த மேசையிலேயே அதிகம் பேசாத ஒரு டீம் லீட், கும்பகோணத்துக்காரர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நல்லா ஓடுற பொண்ணு, அவ நிம்மதியா இருக்கட்டும், விடுங்கப்பா" என்றார். யாரும் மேற்கொண்டு பேசவில்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பல மாதங்கள் கழித்து, குழுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். (அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன்.) "அக்கா, துணை என்கிற இடத்துல பையன் பேரை எழுத முடியுமா?" என்று கேட்டார். யாரிடமாவது முன்பே சொன்னீர்களா என்று விசாரித்தபோது, அந்தக் கும்பகோணத்து டீம் லீடிடம்தான் முதலில் சொன்னேன் என்றார். ஏன் அவரிடம் என்று கேட்டேன். தூத்தி சந்தைப் பற்றிப் பேசிய அந்த மதியத்தை அவர் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். யார் என்ன சொன்னார்கள், யார் சிரித்தார்கள், யார் சிரிக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள் என்பது வரை அவருக்கு நினைவிருந்தது. சொன்னவர்களில் பலருக்கு மறுநாளே அது மறந்திருக்கும். யாரிடம் எதைச் சொல்லலாம், யார் குழுவுக்கு மாற்றல் கேட்கலாம், யாரோடு அறை எடுத்துத் தங்கக் கூடாது என்றெல்லாம் அவர் அன்றைய பேச்சை வைத்துத்தான் முடிவுசெய்து வந்திருக்கிறார். டிம் குக் செய்தி வந்தபோது அவர் கல்லூரி மாணவர். அங்கேயும் விடுதி மேசை ஒன்று இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கேள்விக்கு அன்று என்னால் முழுப் பதில் தர முடியவில்லை. குழுக் காப்பீட்டில் யாரைச் சேர்ப்பது என்பது நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவுசெய்வது. ஆகவே அங்கே இடமிருந்தது. இருவரும் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேர்த்தோம். மேலிடத்தில் இதற்குப் பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை; இது எத்தனை பேருக்குப் பயன்படப்போகிறது என்று மட்டும் கேட்டார்கள். ஒருவருக்கு என்றாலும் வேண்டும் என்றேன். வருங்கால வைப்பு நிதியில் நிலைமை வேறு. ஊழியருக்கு அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் இருந்தால், அந்தத் திட்டத்தின் விதிப்படி குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வாரிசாக நியமிப்பது செல்லாது. படிவத்தில் தன் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, நடைமுறைச் சிக்கல்களைக் களைய அரசு ஒரு குழு அமைக்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 2024 ஆகஸ்டில், இத்தகைய துணைவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அதில் ஒருவரையொருவர் வாரிசாக நியமிக்கவும் தடை ஏதும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அந்த அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அவர்கள் இருவரும் ஒரு வங்கிக் கிளைக்குப் போனார்கள். எழுத்தர் தயங்கினாலும், மேலாளர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே கணக்கைத் தொடங்கிக் கொடுத்தார். துணைக்கு அவர்களோடு வங்கிக்குப் போயிருந்தவர் அந்தக் கும்பகோணத்து டீம் லீட்.