ஷுட் என்றால் விட்டுவிடலாமா?

நெட்வொர்க் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் எனக்கு வேலை. எழுதியது தரநிலைப்படி இருக்கிறதா என்று பார்ப்பேன். சோதனைக்கூடத்தில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பாதிப் பொழுது எக்ஸெல் ஷீட்டில்தான் போகிறது. ஒரு பத்தியில் ஆர்.எஃப்.சி.யிலிருந்து எடுத்த வாக்கியம் இருக்கும், அடுத்த பத்தியில் 'உண்டு', 'இல்லை', 'பகுதியளவு' என்று நிரப்ப வேண்டும். இணையத்தில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிவைத்த ஆவணங்களைத்தான் ஆர்.எஃப்.சி. என்கிறோம்.

அந்த வாக்கியங்களின் உயிர் மஸ்ட் (must), ஷுட் (should), மே (may) என்ற ஆங்கிலத் துணைவினைகளில் இருக்கிறது. இவற்றுக்குப் பொருள் சொல்வதற்கென்றே 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2119 என்ற குட்டி ஆவணம் ஒன்று உண்டு. மஸ்ட் என்றால் விதிவிலக்கு கிடையாது. ஷல் (shall) என்றாலும் அதேதான். மே என்றால் உங்கள் இஷ்டம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இது வரைக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும். வலைப்பக்கம் கேட்டு பிரவுசர் அனுப்பும் எச்.டி.டி.பி. 1.1 கோரிக்கையில், எந்தத் தளம் என்று சொல்லும் ஹோஸ்ட் என்ற வரி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் 400, அதாவது 'கோரிக்கை தவறு' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். இதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சண்டையெல்லாம் ஷுட் வரும் இடத்தில்தான்.

"அண்ணா, இது ஷுட்தானே, விட்டுடலாமா?" எங்கள் டீமில் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதில் 'தானே' போடும் விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். டாக்டர் "கொஞ்சம் நடங்க" என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வது மாதிரிதான் பலரும் ஷுட்டைப் படிக்கிறார்கள். பேச்சு ஆங்கிலத்தில் அந்த அளவுக்குத்தான் அதற்கு மரியாதை. ஆனால் 2119 சொல்வது வேறு. குறிப்பிட்ட சூழலில் அதை மீறத் தகுந்த காரணம் இருக்கலாம், ஆனால் மீறினால் என்னென்ன ஆகும் என்பதை முழுக்கப் புரிந்துகொண்டு, எடைபோட்டுப் பார்த்த பிறகே மீற வேண்டும் என்கிறது. மஸ்டைப் பின்பற்ற யோசனை தேவையில்லை. ஷுட்டை மீறத்தான் யோசிக்க வேண்டும், யோசித்ததை எழுதியும் வைக்க வேண்டும். அதனால் இரண்டில் வேலை அதிகம் வைப்பது ஷுட்தான் என்பேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1989-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1122, தரவை விடுபடாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. என்ற விதிமுறை பற்றிப் பேசும்போது, தரவு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகையை உடனுக்குடன் அனுப்பாமல் சற்றுத் தாமதித்து அனுப்புவதை ஷுட் என்கிறது. அந்தத் தாமதம் அரை விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் மஸ்ட். சிறு சிறு தரவுப் பொட்டலங்களை ஒப்புகை வரும்வரை பிடித்துவைத்து, சேர்த்து அனுப்பும் நேகிள் முறையும் ஷுட். ஆனால் வேண்டாம் என்கிற செயலி அதை நிறுத்திவைக்க வழி இருப்பது மஸ்ட். படிக்கிற பலரும் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள், எனக்கு இது அழகாகப் படுகிறது. சுதந்திரம் எங்கே, வேலி எங்கே என்று ஒவ்வொரு வரியிலும் யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் கருவி ஒன்றில் கட்டுப்பாட்டுச் செய்திகள் விட்டுவிட்டு, திக்கித்திக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு முனை ஒப்புகை வரட்டும் என்று அடுத்த சிறு பொட்டலத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. மறுமுனை ஒப்புகையைத் தாமதிக்கிறது. இரண்டு ஷுட்களையும் ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த வினை! அந்த இணைப்புகளுக்கு மட்டும் தாமதத்தை எடுத்துவிட்டோம். ஷீட்டில் 'பகுதியளவு' என்று போட்டு, எந்த இணைப்பு, ஏன், அதனால் கூடுதலாக எத்தனை பொட்டலங்கள் போகும் என்று நாலு வரி எழுதினோம். தணிக்கைக்கு வந்தவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். காரணம் எழுதாத வேறொரு ஷுட்டில்தான் மதியம் வரை உட்காரவைத்தார்.

இந்தச் சொற்கள் கல்லில் வெட்டியவையும் அல்ல. ஐ.பி.வி.6 என்ற புதிய இணைய முகவரி முறையில் இயங்கும் கருவி எதுவானாலும், தரவை மறையாக்கிக் காக்கும் ஐபிசெக் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்றுதான் முதலில் இருந்தது. சின்னச் சின்னக் கருவிகளுக்கு அது பொருந்தவில்லை, டி.எல்.எஸ். போன்ற வேறு பாதுகாப்பு வழிகளும் வந்துவிட்டன. 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6434 அதை ஷுட் ஆக்கியது. பழைய ஷீட்டைக் காப்பி அடித்து நிரப்புகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அப்புறம் எழுத்துப் பிரச்சினை. 2119-இன் சொற்களை முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம். அப்படியானால் சின்ன எழுத்தில் வரும் மஸ்ட்? "யூ மஸ்ட் பி டயர்ட்" என்றால் களைத்துப்போயிருப்பீர்கள் என்ற ஊகம்தானே, கட்டளை இல்லையே. இந்தக் குழப்பத்துக்கு 2017-இல்தான், பாரி லீபா எழுதிய ஆர்.எஃப்.சி. 8174-இல் தீர்ப்பு வந்தது. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தத் தனிப்பொருள், மற்றபடி சாதாரண ஆங்கிலம். இருபது வருடம் கழித்து என்றாலும் வந்ததே! நடுவில் 2013 ஏப்ரல் முதல் தேதி 'மஸ்ட், ஆனால் நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு புதுச் சொல்லைச் சேர்த்து ஆர்.எஃப்.சி. 6919-ஐ வெளியிட்டார்கள். முட்டாள்கள் தினக் கேலிதான், ஆனால் எங்கள் ஷீட்டில் அந்த வகைக்குத் தனிப் பத்தியே போடலாம்.

இவ்வளவு தெளிவுக்குப் பழகிவிட்டு டெண்டர் ஆவணத்தைத் திறந்தால் தலை சுற்றும். அங்கே எல்லாமே ஷல். ஷல் என்றால் கட்டாயம்தான் என்று நம்ம ஊர்ச் சட்டத்திலும் அடித்துச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 320-ஆவது பிரிவு, அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 'ஷல்' என்றே சொல்கிறது. ஆனால் மன்போதன் லால் வழக்கில், கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சொல்லிவிட்டது.

டெண்டர்காரர்கள் அதையும் தாண்டி, 'ஷல் ப்ரிஃபரப்லி' என்று எழுதுவார்கள். கட்டாயமாக, முடிந்தால்! ஒருமுறை ஏலத்துக்கு முந்தைய கேள்விகளில் இதைப் பணிவாகக் கேட்டு அனுப்பினேன்: இது கட்டாயமா, விருப்பமா, இல்லாவிட்டால் மதிப்பெண் குறையுமா, டெண்டரே நிராகரிக்கப்படுமா? எல்லாக் கம்பெனிகளின் கேள்விகளுக்கும் சேர்த்து பதில் பட்டியல் வந்தது. என் கேள்விக்கு நேராக இருந்தது: "டெண்டரில் உள்ளபடி."