பெர்க்ஸன் பண்ணையின் கணக்கு

ஜூன் 4

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் எழுதிய 'ஓ பயனியர்ஸ்!' ஆரம்பித்தேன். 1913-இல் வந்த நாவல். ஸ்வீடனிலிருந்து வந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மேட்டு நிலத்தில் குடியேறிய பெர்க்ஸன் குடும்பத்தின் கதை. அப்பா ஜான் 46 வயதில் சாகக் கிடக்கிறார். பனிப்புயலில் மாடுகள் போயின, பன்றிகள் காலராவில் செத்தன, பொலிகுதிரையைப் பாம்பு கடித்தது. முதல் ஐந்து வருடம் கடன் ஏறியது, அடுத்த ஆறு வருடம் அதை அடைப்பதிலேயே கழிந்தது. மிச்சம் 640 ஏக்கர் நிலம். அந்தப் பொறுப்பை மகள் அலெக்ஸாண்ட்ராவிடம் ஒப்படைக்கிறார்.

பாசத்தால் அல்ல. பேப்பர் படித்துச் சந்தை நிலவரம் தெரிந்துகொள்பவள் அவள். ஒரு காளையைக் கொழுக்க வைக்க எவ்வளவு செலவானது என்று கேட்டால் அவளிடம்தான் பதில் இருக்கும். பன்றியைத் தராசில் ஏற்றும் முன்பே அதன் எடையை அப்பாவைவிட நெருக்கமாகச் சொல்லிவிடுவாள். தம்பிகள் லூவும் ஆஸ்கரும் நன்றாக உழைப்பார்கள், யோசிக்கச் சொன்னால்தான் சிரமம்.

ஜூன் 6

வறட்சி. அக்கம்பக்கத்தில் விற்றுவிட்டுக் கிளம்புகிறார்கள், நண்பன் கார்லின் குடும்பமும்தான். தம்பிகளுக்கும் போய்விட ஆசை.

அலெக்ஸாண்ட்ரா சண்டை போடவில்லை. கடைசித் தம்பி எமிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரப் பண்ணைகளைப் பார்க்கப் போகிறாள். ஆண்களிடம் பயிர் பற்றி, பெண்களிடம் கோழி பற்றி விசாரிக்கிறாள். படித்துவிட்டு வந்து புது வகைத் தீவனப் புல்லைப் பயிரிட்டுப் பார்க்கும் ஓர் இளைஞனோடு ஒரு நாள் முழுக்கப் பேசுகிறாள். ஆற்றோரத்தில் கிடைப்பது நிச்சயம்தான், ஆனால் கொஞ்சம். நம் மேட்டில் துணிந்தால் நிறைய. இந்த முடிவோடு திரும்பி வந்து, இருக்கும் நிலத்தை அடமானம் வைத்து இன்னும் நிலம் வாங்குவோம் என்கிறாள். நிலத்தின் விலை ஏறும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்கிறான் லூ. தெரியும், அவ்வளவுதான் என்கிறாள். அவ்வளவு கணக்குப் போட்டவள் சொல்லும் 'அவ்வளவுதான்' என்பதால் எனக்கு நம்பத் தோன்றியது.

ஜூன் 7

பக்கத்தைத் திருப்பினால் அப்பா செத்துப் பதினாறு வருடம் ஓடிவிட்டது! பெரிய வெள்ளை வீடு, செழித்த வயல்கள். கடனை எப்படி அடைத்தாள், எந்த வருடம் மூச்சு விட்டாள், ஒன்றும் கிடையாது. கார்ல் கேட்டால், எல்லாம் நிலமே செய்தது, நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று சிரிக்கிறாள். தன்னடக்கம் அழகுதான், எனக்கு அந்த வரவுசெலவு வேண்டும். அந்த மேட்டிலேயே முதல் சைலோவை, அதாவது தீவனம் சேமிக்கும் கோபுரத்தை, அவள்தான் கட்டியிருக்கிறாள். அவளுடைய வேலையாட்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஜூன் 10

எதிர்பார்த்த சண்டை வந்தது. நாவலில் இதுவே உச்சம் என்பேன். கார்ல் திரும்பி வந்திருக்கிறான், கல்யாணப் பேச்சு எழுந்துவிடுமோ என்று தம்பிகளுக்குப் பயம். பத்திரம் யார் பேரில் இருந்தால் என்ன, குடும்பச் சொத்து ஆண்களுக்குத்தான், வெயிலில் உழைத்தது நாங்கள் என்கிறார்கள். நிலம் பங்கு பிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊருக்குப் போய் வக்கீலைக் கேளுங்கள் என்கிறாள் அவள்.

அமெரிக்காவின் 1862 குடியேற்ற நிலச் சட்டப்படி, 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும் தன் பேரிலேயே 160 ஏக்கர் அரசு நிலம் கேட்க முடிந்தது. கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இருக்கவில்லை. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது, தம்பிகள் இன்னும் வரவில்லை. அவளுடைய யோசனையை அவர்கள் கடைசிவரை உழைப்பில் சேர்க்கவே இல்லை.

ஜூன் 12

முடித்தேன். எமிலும் பக்கத்துப் பண்ணை மரீயும் காதலிக்கிறார்கள், இருவரையும் மரீயின் கணவன் ஃபிராங்க் சுட்டுக் கொன்றுவிடுகிறான். அலெக்ஸாண்ட்ரா சிறைக்குப் போய் அவனைப் பார்க்கிறாள், விடுதலைக்கு முயல்வதாக வாக்குக் கொடுக்கிறாள். சரி, அது அவள் மனசு. ஆனால் கொன்றவனைவிடச் செத்தவர்கள் மேல்தான் அவளுக்குக் குறை அதிகம். எனக்கு ஒப்பவில்லை. பன்றியின் எடையைப் பார்வையிலேயே சொன்னவள், பக்கத்திலேயே வளர்ந்த அந்தக் காதலைக் கவனிக்கவே இல்லையே!