கோத்தாவில் காற்றும் வெயிலும்

ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டிலிருந்து கோத்தாவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆவதில்லை. இங்கே இறங்கும் பயணிகளில் பெரும்பாலானோர் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஃபிரீடன்ஷ்டைன் அரண்மனையைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது வானிலைக்காக. அதுவும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழைய வானிலைக்காக!

1785இல் யூஸ்டுஸ் பெர்தெஸ் இவ்வூரில் தொடங்கிய பதிப்பகம், பின்னாளில் உலக நிலப்படங்களின் தலைநகர் என்று கோத்தாவைச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. கிழக்கு ஜெர்மனி அரசின் காலத்தில் அது அரசு நிறுவனமாயிற்று. 2003இல் துரிங்கியா மாநில அரசு பதிப்பகத்தின் நிலப்படச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. பழைய பதிப்பக வளாகத்தில்தான் அது இன்றும் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால், நான் தேடி வந்த ஏடு மேசைமேல் காத்திருந்தது: நிலப்பட வரைஞர் ஹைன்ரிஷ் பெர்க்ஹவுஸ் 1838 முதல் 1848 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இயற்பியல் நிலப்பட ஏடு.

அதன் முதல் பிரிவே வானிலையைப் பற்றியது. செப்புத் தகட்டில் மயிரிழைக் கோடுகளைச் செதுக்கி அச்சிட்டு, வண்ணத்தைக் கையால் தீட்டியிருக்கிறார்கள். உலகப் படத்தின் குறுக்கே சமவெப்பக் கோடுகள், அதாவது சராசரி வெப்பநிலை ஒன்றாக உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், வளைந்து போகின்றன. இந்த யோசனை பெர்க்ஹவுஸுடையது அல்ல, ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டுடையது. ஹும்போல்ட் 1817இல் பாரிஸில் வெளியிட்ட படத்தின் நகலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைப் படம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். கடற்கரை இல்லை, மலை இல்லை, நாட்டு எல்லை இல்லை. வட அரைக்கோளத்துக்கான அட்சக் கோடுகள், சில ஊர்ப் பெயர்கள், அவற்றின் ஊடே ஏறி இறங்கும் சில வளைகோடுகள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் செய்தியே இருக்கிறது. வெயிலை அட்சரேகை மட்டுமே முடிவு செய்வதாக இருந்தால் எல்லாக் கோடுகளும் நேராக அல்லவா ஓடியிருக்க வேண்டும்? அவை மேற்கு ஐரோப்பாவில் வடக்கே ஏறுகின்றன, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தெற்கே சரிகின்றன. நேப்பிள்ஸும் நியூயார்க்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பது இரண்டு ஊரிலும் குளிர்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் உத்தியை ஹும்போல்ட் எட்மண்ட் ஹாலியிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஹாலி 1701இல் அட்லாண்டிக் கடலில் காந்த ஊசி நேர் வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அப்படித்தான் காட்டியிருந்தார். அதற்கும் முன்பு, 1686இல், வெப்ப மண்டலக் கடல்களின் காற்றுகளை ஒரே தாளில் வரைந்தவரும் அவர்தான். வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற அதே ஹாலி! வரிசை வரிசையாகச் சிறு கீறல்கள். கீறலின் கூர்முனை இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று பொருள். அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் வந்ததும் கீறல்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசைக்குத் திரும்புகின்றன. அங்கே அரையாண்டு வடகிழக்கிலிருந்தும் அரையாண்டு தென்மேற்கிலிருந்தும் காற்று வீசுவதால் அப்படி. அந்தக் கடல்களுக்கு ஹாலி போனதே இல்லை, மாலுமிகளிடம் கேட்டுத் தொகுத்தார். வாடைக் காற்றையும் கோடைக் காற்றையும் நம்பிப் பாய் விரித்த நம் கரைக்காரர்களுக்கு அதில் புதுச்செய்தி எதுவும் இருந்திருக்காது. ஆனால் அதைத் தாளில் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

பெர்க்ஹவுஸுக்கு வருகிறேன். 1841 தேதியிட்ட அவருடைய மழைப் படத்தில்தான் அதிக நேரம் நின்றேன். மழை மிகுந்த இடம் கருமையாகவும் குறைந்த இடம் வெளிறியும் இருக்கின்றன. இன்று எல்லாப் பள்ளிப் பாடநூலிலும் இதே முறைதான். எனக்கு ஒரு குறையும் தோன்றியது. ஹும்போல்ட்டின் மொட்டைத் தாள், தனக்கு எத்தனை ஊர்களின் கணக்குக் கிடைத்தது என்பதை மறைப்பதில்லை. பெர்க்ஹவுஸின் வெப்பப் படம் அழகாக இருப்பதாலேயே, வெப்பமானியே எட்டாத நிலப்பரப்புகளின் மீதும் அதே உறுதியோடு கோடு ஓடுகிறது. பார்க்கிறவர் அளந்ததையும் ஊகித்ததையும் எப்படிப் பிரித்தறிவார்? இன்றைய வண்ண வண்ண வானிலைப் படங்களைப் பற்றியும் எனக்கு இதே புகார் உண்டு.

அசல் ஏடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். மீதி நேரத்துக்கு அரண்மனை இருக்கிறது. அதன் கீழே சந்தைச் சதுக்கம் வரை இறங்கும் நீர்ப் படிக்கட்டு இருக்கிறது. காட்டைப் பார்க்க ஆசைப்பட்டால், ஊருக்குள்ளிருந்தே துரிங்கியக் காட்டை நோக்கி டிராம் போகிறது. ஃபிரீட்ரிஷ்ரோடாவைக் கடந்து பாட் டாபார்ட்ஸ் வரை அதில் போகலாம்.