ஆறாம் நாளை முதலில் எழுதுதல்

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாக உணவியல் நிபுணராகப் பணியாற்றி வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்கள் எடைக் கருவியிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைச் சற்றுத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: “திரும்ப ஒரு அஞ்சு நாள் பவுடர் மட்டும் குடிச்சா வயிறு பழையபடி சுருங்கிருங்களா மேடம்?” அவர்கள் தொட்டிருந்த மிகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோவோ பத்துக் கிலோவோ ஏறியிருக்கும். முதல் இரண்டு நாட்கள் புரதப் பானம் மட்டும், மூன்றாம் நாள் குழைவான புரத உணவு, பிறகு படிப்படியாகக் கெட்டியான உணவு என்று அமைந்த ஐந்து நாள் முறையைப் பற்றி யாரோ அவர்களுக்குச் செய்தி அனுப்பியிருப்பார்கள். ஐந்து நாளும் பானம் மட்டுமே என்று அதை இன்னும் கடுமையாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

வயிறு சுருங்காது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை அகற்றப்பட்டு, ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி கொள்ளளவுள்ள குழாய் போன்ற பகுதி எஞ்சுகிறது. இரைப்பை பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியில் உருவாக்கப்படும் சிறு பை தொடக்கத்தில் 30 மில்லி அளவே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இவை ஓரளவு தளர்வது இயல்பு. தளர்ந்த திசு ஐந்து நாள் கஞ்சி குடிப்பதாலோ பானம் குடிப்பதாலோ மீண்டும் இறுகுவதில்லை. திரவ உணவால் உண்மையில் சுருங்குகிற உறுப்பு ஒன்று உண்டு, அது கல்லீரல். அறுவைக்கு முன் இரண்டு வாரங்கள் குறைந்த கலோரித் திரவ உணவு கொடுப்பதே, கொழுப்பேறிய கல்லீரல் சிறிதாகி, அதன் அடியில் இருக்கும் இரைப்பையை அறுவை மருத்துவர் எளிதாக அணுக வேண்டும் என்பதற்காகத்தான். “சுருங்கும்” என்று அப்போது நாங்கள் சொன்ன சொல் நோயாளியின் மனதில் வயிற்றோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தக் குழப்பத்தில் எங்கள் பங்கும் இருப்பதால், இப்போதெல்லாம் அறுவைக்கு முன்பே கல்லீரலைப் படம் வரைந்து காட்டிவிடுகிறேன்.

ஆனால் ஐந்து நாளில் இரண்டு, மூன்று கிலோ குறைவது உண்மை. உடல் மாவுச்சத்திலிருந்து சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறும் இட்லியும் நின்றவுடன் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது. மீண்டும் சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீரும் திரும்பிவிடுகிறது. இதை விளக்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் அந்த விளக்கத்தோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன், அது தவறு. அவர்கள் கேட்பது வயிற்றின் அளவைப் பற்றி மட்டுமே என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பிப்போக விரும்பியது அறுவைக்குப் பிந்தைய அந்த முதல் சில வாரங்களுக்கு.

அந்த வாரங்கள் எப்படிப்பட்டவை என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர், பிறகு இரண்டு வாரம் வரை புரதப் பானங்கள், அதன்பின் மசித்த உணவு என்று நாட்கள் நகரும். ஒரு வாய் குடித்து, சில நிமிடம் பொறுத்து, அடுத்த வாய் குடிக்க வேண்டும். மருத்துவமனையில் இதற்கு மருந்து ஊற்றும் சிறு பிளாஸ்டிக் குவளையைக் கொடுப்போம். ஒருமுறை, அறுவை முடிந்து படுத்திருந்த நாற்பது வயது மகனுக்கு, அவருடைய அம்மா வீட்டிலிருந்து வெள்ளிப் பாலாடை ஒன்றைக் கொண்டுவந்தார். மூக்கு நுனி சற்று நசுங்கி, உட்புறம் தேய்ந்து வெளுத்திருந்தது; அதே மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடை. அளந்து பார்த்தேன், ஏறத்தாழ 20 மில்லி பிடித்தது. எங்கள் குவளையைவிட அதுவே பொருத்தமாக இருந்தது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மகனுக்குக் கொடுத்தார். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதி அகற்றப்பட்டிருப்பதால் அந்த நாட்களில் பசி அதிகம் தெரியாது. எடை தானாகக் குறையும். வீடே ஒருவரைச் சுற்றி நிற்கும். மூன்று ஆண்டு கழித்துப் பசியும் திரும்பி, கவனிப்பாரும் கலைந்த பிறகு, பவுடர் டப்பாவைத் திறக்கும் ஒருவர் அந்தக் காலத்தையே தேடுகிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகு, “வேண்டாம்” என்று சட்டென்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

குறுகிய திரவ நாட்களால் பயன் உண்டு என்றும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகளின் திருமணம் முடிந்து பத்து நாள் இனிப்பும் பலகாரமுமாக இருந்த பிறகு, மூன்று நாள் திரவ உணவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மாலையில் இனிப்பின் நினைவு தணிந்துவிட்டதாகவும், நான்கு மணிக்கு வருவது பசி அன்று, பழக்கம்தான் என்பது தெரிந்துவிட்டதாகவும் சொன்னார். நான்காம் நாள் காலையில் அவருக்காக இரண்டு அவித்த முட்டைகள் காத்திருந்தன. அதை அவர் முன்பே தீர்மானித்திருந்தார். அவர் செய்தது சரியாக அமைந்ததற்கு அந்த முட்டைகளே காரணம் என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் ஆயின.

எதைக் குடிப்பது என்பதிலும் நிறையக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். நம் வீடுகளில் திரவ உணவு என்றதும் பருப்புத் தண்ணீர், ரசம், அரிசிக் கஞ்சி, இளநீர் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. பருப்பு அடியில் தங்க, மேலே இறுத்த ஒரு டம்ளர் தண்ணீரில் ஓரிரு கிராம் புரதமே இருக்கும். பாலில் 100 மில்லிக்கு 3 கிராம் சொச்சம். 60 கிராமைப் பாலிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்க வேண்டும். அதனால்தான் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதப் பவுடர் தேவைப்படுகிறது. வனிலா இனிப்பு இரண்டாம் நாளே திகட்டிவிடுவதால், சுவை சேர்க்காத பவுடரை மோரில் கலந்து, சீரகப்பொடியும் பெருங்காயமும் சேர்த்துக் குடிக்கச் சொல்கிறேன். நுரை அடங்கிய பிறகே குடிக்க வேண்டும், இல்லையெனில் அந்தக் குறுகிய வயிற்றில் காற்று நிறைந்து வலிக்கும். கொதிக்கும் ரசத்தில் பவுடரைப் போட்டால் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். ஆறவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது கரைக்க வேண்டும்.

பவுடர் டப்பாவை நேரில் கொண்டுவரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நேர்வது. அந்தப் பயத்தில் முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று கொலாஜன் பவுடர் வாங்கி, அதையே அன்றாடப் புரதக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். கொலாஜனில் டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. அதை மட்டும் நம்பி உடல் தன் தசையைக் காத்துக்கொள்ள முடியாது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், விலங்குகளின் தோல், தசைநாண் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் கரைசலை ‘திரவப் புரதம்’ என்ற பெயரில் விற்றார்கள். அதை மட்டுமே உணவாக மாதக்கணக்கில் குடித்து எடை குறைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை அந்நாட்டு அரசு நிறுவனங்கள் ஆராய்ந்தன. அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்திருந்தது. மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது ஐந்து நாளில் நேரும் என்று நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் ஐந்து நாளை மாதத்துக்கு இரண்டு முறை என்று ஆண்டு முழுவதும் செய்பவரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அதுவும் மாதக்கணக்கில்தான் போய் நிற்கிறது.

என் பணியில் நேர்ந்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன், வேலையை எளிதாக்குவதாக எண்ணி, ஐந்து நாள் திரவ உணவுக்கு ஒரு தாளைத் தட்டச்சு செய்து, நகல்கள் எடுத்து மேசையில் வைத்திருந்தேன். யாருக்கு, எப்போது, எந்த மருந்துகளோடு என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு பெண்மணி வாங்கிச் சென்ற தாளை, இதே அறுவை செய்துகொண்ட அவருடைய நாத்தனாரும் படம் பிடித்துக்கொண்டார். நாத்தனாருக்கு அறுவைக்குப் பின் நின்றிருந்த சர்க்கரை மாத்திரையை, எடை ஏறியபோது வேறொரு மருத்துவர் மீண்டும் தொடங்கியிருந்தார், கிளிமிபிரைடு. அவர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, சோற்றை நிறுத்திப் பானம் மட்டும் குடித்திருக்கிறார். இரண்டாம் நாள் மதியம் சமையலறையில் வியர்த்து விழுந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது இரத்தச் சர்க்கரை 48-க்குத் தாழ்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அவருடைய கைபேசியில் நான் தட்டச்சு செய்த தாளைப் பார்த்த அன்று மாலை, மேசையிலிருந்த நகல்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து பெயரும் தேதியும் மருந்துகளும் குறித்துக் கையால் எழுதித்தான் கொடுக்கிறேன். இன்சுலின் போடுபவருக்கும், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும், சிறுநீரகக் குறை உள்ளவருக்கும் மருத்துவர் மருந்தை மாற்றி எழுதாமல் இந்தத் தாள் கிடைக்காது. கர்ப்பிணிகளுக்கு எப்போதும் இல்லை.

இவர்கள் எல்லோரையும்விட நான் அஞ்சுவது, “எனக்கு இப்போதெல்லாம் தண்ணியா இருந்தாத்தான் இறங்குது” என்று சொல்லி, தானாகவே திரவ உணவுக்குப் போய்விட்டவரைப் பார்த்துத்தான். அவருக்கு ஸ்லீவில் எஞ்சிய இரைப்பைக் குழாய் குறுகியிருக்கலாம், பைபாஸில் சிறு பையும் குடலும் இணையும் இடத்தில் புண் இருக்கலாம். நாள்தோறும் வாந்தி எடுப்பவருக்கு உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களில் தீர்ந்துபோய், பார்வையும் நடையும் நினைவும் பாதிக்கப்படும் நிலை வரும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் அந்த நிலை இன்னும் மோசமாகும். அப்படிப்பட்டவரை நாற்காலியில் உட்காரவைக்காமல் நேராக அறுவை மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன்.

சென்ற ஆண்டு வந்தவர் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறவர். ஸ்லீவ் செய்துகொண்டபோது 124 கிலோ, பதினாறாம் மாதத்தில் 82, மூன்றாம் ஆண்டில் 91. பத்து மாதத்தில் ஏழு முறை ஐந்து நாள் பவுடர் குடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்திருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவ்வளவு மனஉறுதி உள்ளவரிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. “சனிக்கிழமை என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமை கம்பெனியில் சம்பள நாள். மாலை ஐந்து மணிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பது ஆகும். நான்கு முறை டீ வரும், மேசை இழுப்பறையில் மிக்ஸர் இருக்கும். கோழிக்கறி இரண்டு துண்டு சாப்பிட்டால் நிறைந்துவிடும் அந்த வயிறு, டீயில் நனைந்து குழைந்து இறங்கும் மிக்ஸரை எவ்வளவு போனாலும் தடுப்பதில்லை. ஐந்து நாள் பட்டினி கிடந்த உடல் ஆறாம் நாள் அந்த இழுப்பறைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, ஏழு முறை.

ஆசிரியையின் இரண்டு முட்டைகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. பனியன் கம்பெனிக்காரருக்கான தாளில் முதல் வரியாக ஆறாம் நாளை எழுதினேன். சனிக்கிழமை மதியம் முதலில் மீனோ கோழியோ 80 கிராம், பிறகு காய், பிறகே இரண்டு கரண்டி சோறு. தண்ணீர், சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துத்தான். மாலை ஐந்து மணிக்கு அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், மென்று, டீ இல்லாமல். ஏழு மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ ஒன்று. அதற்குக் கீழேதான் திங்கள் முதல் வெள்ளி வரையிலான திரவ நாட்களை எழுதினேன். இழுப்பறையைக் காலி செய்யும் பொறுப்பைக் கூட வந்திருந்த அவர் மனைவி ஏற்றுக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அதே தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. சனிக்கிழமை வரிகளுக்கு எதிரே ஐந்து சிறு கோடுகள் பேனாவால் போட்டிருந்தன, ஒன்றின் மேல் டீக் கறை. திங்கள் முதல் வெள்ளி வரை எழுதிய பகுதியில் எந்தக் குறியும் இல்லை. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்: “முதல் அஞ்சு நாளைத் தொடவே இல்லீங்க மேடம். சனிக்கிழமையில இருந்தே ஆரம்பிச்சுட்டனுங்க.”